வழுவும் வழுவமைதியும்: கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் குறித்த ரசிகர் உரையாடலும் கள்ளக்குறிச்சி வட்டார அரவான் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளை ஆடுவோர், ஆட்டத்தில் தாம் காணும் பிறழ்ச்சி வடிவமைத்தவரின் தெரிவா, தவறுதலாக நேர்ந்த வழுவா என்று தொடர்ந்து விவாதிக்கின்றனர். இவ்விவாதத்தைத் ‘தெரிவு’, ‘வழு’ என்னும் இருவகைப் பகுப்பால் முழுமையாக விளக்க இயலவில்லை. தமிழ் இலக்கண மரபு கூறும் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூவகைப் பகுப்பு இதற்குக் கூடுதலாகப் பொருந்துவதை இக்கட்டுரை விளக்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் உயிர்ப்புடன் வழங்கும் அரவான் கதையும் இதே பகுப்பால் தெளிவு பெறுவதைக் காட்டி, ஒரு பிறழ்ச்சி எக்காரணங்களால் அமைதி பெறுகிறது என்பதையும், அக்காரணங்களைப் பதிவு செய்ய வேண்டியதன் தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, வழு, வழுவமைதி, ரசிகர் உரையாடல், அரவான் களப்பலி, கூவாகம், தெருக்கூத்து.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தது கூவாகம். இங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் திருவிழா நடைபெறுகிறது. கூத்தாண்டவராக வழிபடப்பெறுபவன் அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான். பாண்டவர் வெற்றிக்காகப் போருக்கு முன் தன்னையே களப்பலியாகத் தந்தவன் என்பது தமிழ் மரபு. இக்கதையைக் கேட்பவர் மனத்தில் இயல்பாகவே ஒரு வினா எழும். போர் தொடங்குமுன் பலியானவன், போரின் எட்டாம் நாளில் மீண்டும் பொருது மடிவது எவ்வாறு? வடமொழிப் பாரதம் அரவானின் இறப்பை எட்டாம் நாளில் வைக்கிறது. களப்பலியைச் சேர்த்த தமிழ் மரபு, எட்டாம் நாள் இறப்பையும் கைவிடவில்லை. ஆகவே ஒருவன் இருமுறை இறக்கும் நிலை கதைக்குள் ஏற்பட்டது.

இத்தகைய வினாவை இன்று மிகுதியாக எழுப்புவோர் கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் ரசிகர்கள். ஆட்டத்தில் இறந்த பாத்திரம் பின்னொரு காட்சியில் பேசினாலோ, ஓர் ஆற்றல் விதிநூல் கூறுவதற்கு மாறாகச் செயல்பட்டாலோ, அது வடிவமைப்பா வழுவா என்று அவர்கள் நுணுகி ஆராய்கின்றனர். இவ்வுரையாடல் பொழுதுபோக்கு அரட்டையாகவே கருதப்பட்டு, தமிழாய்வில் போதிய கவனம் பெறாமல் உள்ளது. நாட்டார் கதைகளின் திரிபுகளோ நெடுங்காலம் ‘பிழை’ என்றே ஒதுக்கப்பட்டு வந்தன. இவ்விரு களங்களிலும் எழும் சிக்கல் ஒன்றே: ஒரு பிறழ்ச்சியைப் பிழை என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்குரியது?

பாத்திரமேற்பு விளையாட்டு: ஒரு விளக்கம்

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது ஆடுபவர் ஒரு கற்பனை மாந்தரின் இடத்தில் நின்று, அம்மாந்தருக்குரிய வலிமை, அறிவு, விரைவு முதலிய பண்புகளின் எண்மதிப்புகளைக் கொண்டு முடிவெடுத்து ஒரு கதையை நிகழ்த்திச் செல்லும் ஆட்டமாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்த நூலாகக் கொள்ளப்படுகிறது. தாளும் எழுதுகோலும் தாயக்கட்டைகளுமே அதன் கருவிகள். ஆட்ட நடத்துநர் ஒருவர் உலகை விவரிப்பார். ஏனையோர் தத்தம் மாந்தரின் செயலைச் சொல்வர். கட்டை விழும் எண் விளைவை முடிவு செய்யும். பின்னர் இவ்விதிகள் கணினி விளையாட்டுகளுக்கு அடித்தளமாயின.

முதல் விதிநூல்கள் பல இடங்களில் தெளிவின்றியும் முன்பின் முரணியும் இருந்தன. ஆடியவர்கள் ஊர்தோறும் தமக்கென விதிகளை வகுத்துக்கொண்டனர். 1975 முதல் ரசிகர்கள் தம் விதி விளக்கங்களையும் மறுப்புகளையும் படியெடுத்து இதழ்களாகப் பரிமாறிக்கொண்டனர். 1979-இல் ‘டிராகன்’ இதழில் வாசகரின் விதி ஐயங்களுக்கு விடை கூறும் பகுதி தொடங்கியது. நூலுக்கு உரையும் உரைக்கு மறுப்பும் தோன்றுவதைப் போன்றதொரு வளர்ச்சி இது. எனவே ரசிகர் உரையாடல் இவ்வகை விளையாட்டின் தொடக்கக் காலத்திலிருந்தே அதன் உறுப்பாக இருந்துள்ளது.

இலக்கண மரபின் மூவகைப் பகுப்பு

கணினித் துறையில் நிரலில் நேரும் தவற்றைத் தமிழில் ‘வழு’ என்று குறிப்பிடும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. இச்சொல் இலக்கண மரபிலிருந்து பெறப்பட்டது. தொல்காப்பியக் கிளவியாக்கத்திற்கு உரை கண்டோர் சொற்களின் இயைபை வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுத்து விளக்குவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் பிறழாமல் வருவது வழாநிலை. பிறழ்ந்து வருவது வழு. பிறழ்ந்து வரினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி.

அழும் குழந்தையை நோக்கி அடுக்களையிலிருக்கும் தாய், “இதோ வந்துவிட்டேன்” என்கிறாள். அவள் இன்னும் வரவில்லை. எதிர்காலச் செயல் இறந்தகாலத்தில் கூறப்பட்டது கால வழு. ஆயினும் விரைவு என்னும் காரணத்தால் அது அமைதி பெறுகிறது. தன் பசுவை ஒருவர் “என் அம்மை வந்தாள்” என்று உயர்திணையில் சுட்டினால், உவப்பின் காரணமாக அது திணை வழுவமைதி. நன்னூல் இக்காரணங்களைப் பட்டியலிட்டே தருகிறது. திணை, பால் பிறழ்ச்சிக்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியன காரணங்கள். காலப் பிறழ்ச்சிக்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியன காரணங்கள்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வழுவமைதி பிறழ்ச்சியை மறைப்பதில்லை. பிறழ்ச்சி என்று ஒப்புக்கொண்ட பின்னரே அதை ஏற்கிறது. இரண்டாவது, அமைதி காரணமின்றி வழங்கப்படுவதில்லை. காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாத பிறழ்ச்சி வழுவாகவே நிற்கும். விளையாட்டு ரசிகர்களின் உரையாடலை ஆராய இவ்விரண்டும் துணைசெய்கின்றன.

வழுவாகவே நிற்கும் வழு

1987-இல் ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி’யில் ஒவ்வொரு மாந்தருக்கும் அறிவு என்னும் பண்பு எண்ணால் குறிக்கப்படுகிறது. அறிவு உயர்ந்தால் மந்திரத்தின் தாக்கமும் உயரும் என்பதே ஆடுபவரின் எதிர்பார்ப்பு. ஆனால் முதற்பதிப்பின் நிரலில் அறிவெண் மந்திரத்தின் வலிமையோடு இணைக்கப்படவே இல்லை. மந்திரவாதியின் அறிவு எவ்வளவு உயர்ந்தாலும் விளைவு மாறாது. தாக்குதல் வலிமையைக் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட சில மந்திரங்களும் அப்பதிப்பில் பயனற்றவையாக இருந்தன. ரசிகர்கள் நிரலைப் பகுத்துப் பார்த்து இவற்றை உறுதிசெய்தனர். பிற்காலப் பதிப்புகளில் இவை திருத்தப்பட்டன.

இதனை வழு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டம் தானே அளித்த வாக்குறுதியை மீறுகிறது. அம்மீறலால் ஆடுபவருக்கோ கதைக்கோ பயன் விளையவில்லை. அமைதிக்குக் காரணம் இல்லாததால் இது வழுவாகவே நிற்கிறது.

அமைதி பெற்ற வழுக்கள்

காரணத்தோடு ஏற்கப்பட்ட பிறழ்ச்சிகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது கதைப் பொருத்தம். பெதஸ்டா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘மோரோவிண்ட்’ ஆட்டத்தில் மூலிகைகளைக் கலந்து மருந்து வடிக்கலாம். மருந்தின் வீரியம் வடிப்பவரின் அறிவெண்ணைப் பொறுத்தது. அறிவைக் கூட்டும் மருந்தையும் வடிக்கலாம். அதனைக் குடித்து அறிவைக் கூட்டி, கூடிய அறிவால் மேலும் வீரியமுள்ள மருந்தை வடித்து, அதையும் குடித்தால் அறிவெண் எல்லையின்றி வளரும். சிலமுறை இவ்வாறு செய்தவர் ஆட்டத்தில் எவராலும் வெல்ல முடியாதவர் ஆகிறார். உச்சவரம்பு விதிக்கத் தவறியது வழு என்பர் ஒரு சாரார். அந்த ஆட்டத்தின் கதையிலேயே மாந்தர் மூவர், இறந்துபட்ட ஒரு கடவுளின் இதயத்தைக் கருவியாகக் கொண்டு தாமே கடவுளர் ஆகியிருக்கின்றனர். உலகின் விதியைத் தெரிந்தவர் அதை மீறிக் கடவுளாகலாம் என்பது கதையின் உட்பொருளாயின், ஆடுபவர் மருந்தால் அதைச் செய்வதும் கதைக்கு இயைந்ததே என்பர் மற்றொரு சாரார்.

இரண்டாவது பட்டறிவு. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் பலர் கூடி ஆடும் விளையாட்டில் 2005 செப்டம்பரில் ஒரு புதிய நிலவறை சேர்க்கப்பட்டது. அதிலிருந்த ஹக்கார் என்னும் பகைத் தெய்வம், அருகிலிருப்போருக்கும் தொற்றும் குருதி நோயை வீரர்மீது ஏவும். நோய் நிலவறைக்குள் மட்டும் பரவ வேண்டும் என்பதே வடிவமைப்பு. ஆனால் வீரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியே அது வெளியேறி நகரங்களைத் தாக்கியது. வலிமை குறைந்த மாந்தர் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். சிலர் நகரை விட்டு ஓடினர். சிலர் பிறரைக் குணப்படுத்த முயன்றனர். சிலர் வேண்டுமென்றே பரப்பினர். நிறுவனம் நிரலைத் திருத்தியே இதனை நிறுத்தியது. 2007-இல் மருத்துவ ஆய்விதழ்களில் இந்நிகழ்வு கொள்ளைநோய்க் காலத்து மனித நடத்தையைப் புரிந்துகொள்ளும் மாதிரியாக ஆராயப்பட்டது. 2008-இல் அதே நிறுவனம் பிணங்கள் எழுந்து நோய் பரப்பும் நிகழ்வொன்றை வேண்டுமென்றே ஆட்டத்தில் அமைத்தது. வழுவாகத் தோன்றியது மூன்றாண்டுகளில் தெரிவாக மீண்டது.

மூன்றாவது நகை. இதற்குரிய சான்று பாத்திரமேற்பு விளையாட்டன்று, ஆட்சியமைக்கும் வியூக விளையாட்டு. ஆயினும் இந்தியத் தொடர்பால் சுட்டத்தக்கது. 1991-இல் வெளியான ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் காந்தி அணுகுண்டு வீசுபவராக மாறுகிறார் என்பது ரசிகரிடையே பரவிய கதை. அவருக்கு வழங்கிய போர்க்குண எண் 1. மக்களாட்சி ஏற்கும்போது அதில் 2 குறைகிறது. 0 முதல் 255 வரை மட்டுமே ஏற்கும் நிரலில் சுழியத்திற்குக் கீழ் எண் இல்லாததால் அது சுற்றிவந்து 255 ஆகிறது என்று அதற்கு விளக்கமும் கூறப்பட்டது. ஆட்டத்தைப் படைத்த சிட் மெயர் 2020-இல் வெளியான தம் நினைவுநூலில் அப்படியொரு வழு இருந்ததே இல்லை என மறுத்தார். எனினும் 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காந்தியின் அணுகுண்டு நாட்டம் வேண்டுமென்றே மிக உயர்வாக வைக்கப்பட்டிருந்தது. இல்லாத வழுவுக்கு ரசிகர் உரையாடல் காரணம் கண்டது. பிற்பதிப்பு அதனை நகையாக ஏற்றது. உரையாடல் வழுவைக் கண்டறிவதோடு சில வேளைகளில் வழுவை உருவாக்கவும் செய்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

விதியின் சொல்லும் விதியின் கருத்தும்

ரசிகர் விவாதத்தில் அடிக்கடி எழும் மற்றொரு சிக்கல், விதியின் சொல்லைக் கொள்வதா கருத்தைக் கொள்வதா என்பது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ரசிகரிடையே இதற்கு வழங்கும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உழவர் வரிசை. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது 6 நொடி. ஒருவர் தம் முறையில் கையிலுள்ள பொருளை அடுத்தவரிடம் தரலாம். ஆயிரக்கணக்கான உழவரை வரிசையாக நிறுத்தி ஒரு கழியைக் கைமாற்றினால், 6 நொடிக்குள் அது வரிசையின் கடைசியை எட்டிவிடும். அத்தனை வேகத்தில் செல்லும் கழி கோட்டையையே தகர்க்குமே என்பது வாதம்.

இதற்கு ரசிகர் கூறிய மறுப்பு நுட்பமானது. கழி விரைந்து செல்வதற்கு வாதி விதிநூலைச் சான்று காட்டுகிறார். அது கோட்டையைத் தகர்ப்பதற்கு இயற்பியலைச் சான்று காட்டுகிறார். விதிநூலையே இறுதிவரை பின்பற்றினால், கடைசி உழவர் எறியும் கழி சாதாரணக் கழியின் தாக்கத்தையே தரும். இயற்பியலையே பின்பற்றினால், கழி 6 நொடியில் கடைசி உழவரை எட்டாது. பாதி வழியில் அளவுகோலை மாற்றியதே குறை. 2024-இல் வெளியான ஆட்ட நடத்துநர் கையேடும் விளையாட்டு விதிகள் இயற்பியல் விதிகள் ஆகா என்று அறிவுறுத்துகிறது.

இதனோடு அரவான் கதையில் வரும் அமாவாசை நிகழ்ச்சியை ஒப்பிடலாம். களப்பலிக்கு உரிய நாள் அமாவாசை எனச் சகாதேவன் துரியோதனனுக்கே கணித்துச் சொல்லிவிடுகிறான். அந்நாளில் துரியோதனன் பலியிட்டால் வெற்றி அவன் பக்கம் செல்லும். கண்ணன் ஒருநாள் முன்னதாகவே அமாவாசைக்குரிய தர்ப்பணத்தைத் தொடங்குகிறான். ஐயுற்ற ஞாயிறும் திங்களும் சேர்ந்து வந்து, நாளை செய்ய வேண்டியதை இன்று செய்வது ஏன் என்று வினவுகின்றனர். ஞாயிறும் திங்களும் கூடும் நாளே அமாவாசை; நீங்கள் கூடிவிட்டதால் இன்றே அமாவாசை என்பது கண்ணனின் விடை.

கண்ணனும் விதியின் ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறான். ஆனால் அவன் கைக்கொள்ளும் வரையறை தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றே. இருசுடரும் கூடுவது அமாவாசை என்னும் வரையறைக்குள்ளேயே நின்று, அதை நிறைவேற்றும் சூழலை உண்டாக்குகிறான். அளவுகோல் மாறாமையே இதற்கு அமைதி தருகிறது. உழவர் வரிசை நகைப்பிற்குரியதாக எஞ்ச, அமாவாசைச் சூழ்ச்சி கதையின் நெஞ்சாக நிலைத்ததற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

அரவான் கதையில் வழுவும் வரமும்

முன்னுரையில் எழுந்த வினாவுக்கு இனி வரலாம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலிச் செய்தி இடம்பெறுகிறது. பின்னர் வில்லிபுத்தூரார் பாரதத்திலும் அது தொடர்கிறது. வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர். அவரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதியாட்கொண்டான். இன்றைய கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டப் பகுதிகளோடு தொடர்புடையது அந்நாடு. ஆகவே கூத்தாண்டவர் வழிபாடும் வில்லிபாரதமும் ஒரே நிலப்பரப்பைச் சார்ந்தவை.

களப்பலி என்பது ஒரு புதிய தெரிவு. அது பாண்டவர் வெற்றிக்கு ஒரு விலையை வைக்கிறது. அத்தெரிவால் எட்டாம் நாள் இறப்போடு முரண் விளைந்தது. எட்டாம் நாள் இறப்பை நீக்கியிருந்தால் முரண் தீர்ந்திருக்கும். மரபு அவ்வாறு செய்யவில்லை. வரம் ஒன்றைச் சேர்த்தது. பலியான பின்னும் போர்க்களத்தில் இருக்கக் கண்ணன் வரம் தருகிறான். அதனால் இரு இறப்புகளும் ஒரே கதையில் நிற்க முடிந்தது.

நாட்டார் வழக்கில் வரம் மேலும் வளர்ந்தது. வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் கண்டது என்கிறது ஒரு வழக்கு. கூத்தாண்டவர் கோயில்களில் தலையுருவே வழிபடப்பெறுவது இதனோடு இயைகிறது. கூவாக மரபில் மற்றொரு வரமும் உண்டு. மணமாகாமல் இறக்க விரும்பாத அரவானுக்கு, மறுநாள் கைம்பெண் ஆகப்போகும் பெண்ணைத் தர எவரும் முன்வரவில்லை. கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான். இவ்வரம் பெருந்தேவனாரிடமும் இல்லை, வில்லிபுத்தூராரிடமும் இல்லை. நூலை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர் இதனைப் பிற்சேர்க்கை, திரிபு என்று ஒதுக்கக்கூடும். ஆனால் ஆண்டுதோறும் கூவாகத்தில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவானுக்காக அழுது அத்தாலியை அறுக்கும் திருநங்கையருக்கு இப்பகுதியே கதையின் மையம். இலக்கியத்தில் இடம்பெறாத ஒரு வரம், ஒரு மக்கள் திரளுக்குக் கோயிலில் இடம் தந்துள்ளது. இதனை வழு என்பதற்கும் வழுவமைதி என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, சொல்லாய்வு எல்லையோடு முடிவதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கூவாகத்தில் நிகழ்வது நேர்த்தியும் வழிபாடும், விளையாட்டன்று. கதையமைப்பில் முரண் தோன்றி அமைதி பெறும் முறையை மட்டுமே இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

கூத்துக் களத்தில் வினவுவோர்

திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வது வடதமிழக வழக்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தைத் தழுவிக் கதை சொல்கிறார். இரவில் அதே பகுதி ‘அரவான் களப்பலி’, ‘பதினெட்டாம் போர்’ முதலிய கூத்துகளாக ஆடப்படும்போது நூலில் இல்லாதவையும் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் ஊரார்க்கு வேறுபாடு வெளிப்படையாகவே தெரியும். பல ஆண்டுகள் கூத்துப் பார்த்தவர்கள் பாட்டு விடுபட்டதையும் வேடத்தின் முறை தவறியதையும் களத்திலேயே சுட்டுவர்.

கூத்தின் அமைப்பே இவ்வினாவுக்கு ஓர் இருக்கை தந்துள்ளது. கட்டியங்காரன் திரைக்குப் பின்னிருந்து வரும் அரசனை வரவேற்கிறான். நீ யார், எதற்கு வந்தாய் எனக் கேட்கிறான். பெருமிதப் பேச்சை நகையாடுகிறான். பார்ப்போர் மனத்தில் எழும் ஐயத்தைத் தானே கேட்டுவிடுகிறான். ரசிகர் உரையாடலை ஆட்டத்திற்கு உள்ளேயே அமைத்துக்கொண்ட வடிவம் தெருக்கூத்து எனலாம். கணினி விளையாட்டிலோ அந்த இருக்கை வெளியே உள்ளது. அதனால்தான் ரசிகர் அதனைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனர்.

மூலநூல் இல்லாத நிலை

அளவுகோலாகக் கொள்ள ஒரு நூல் இருக்கும்போதுதான் வழு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. கூவாகத்திற்கு மேற்கே, அதே மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலை இதனைத் தெளிவாக்க உதவும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலை வட்டத்தில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழே இவர்தம் மொழி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பதும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பதும் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் பகுதி மலையாளிகளிடையே பலவாறாக வழங்கும் தோற்றக் கதை. 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இக்கதையின் வேறுபட்ட வடிவங்கள் இடம்பெற்றுள்ளன.

இவ்வடிவங்களுள் எது சரி என்று கேட்பது பொருத்தமன்று. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான விதிநூல் இல்லாதபோது ஒரு மலையின் கூற்றை வைத்து மற்றொரு மலையின் கூற்றை வழு என்று கூற இயலாது. அவை ஒவ்வொன்றும் தன்னளவில் வழாநிலையே. பாத்திரமேற்பு விளையாட்டில் ஊர்தோறும் வகுக்கப்பட்ட உள்ளூர் விதிகளும் இத்தன்மையவே. ஆகவே ஒரு பிறழ்ச்சியை ஆராயப் புகும் ஆய்வாளர், எதிலிருந்து பிறழ்ந்தது என்னும் வினாவை முதலில் எழுப்ப வேண்டும்.

திருத்தத்தின் இருவகை

இரு களங்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. கணினி விளையாட்டின் திருத்தம் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதுகிறது. திருத்தம் வந்தபின் பழைய ஆட்டம் எவ்வாறு இருந்தது என்பதைப் பலராலும் காண இயலாது. அரவான் மரபின் திருத்தமோ பழையதை விட்டுவைத்து அதனருகே வரத்தைச் சேர்க்கிறது. தைத்த இடம் தெரிகிறது. களப்பலி எப்போது வந்தது, எந்த வரம் எந்த வட்டாரத்தில் சேர்ந்தது என்று இன்று ஆராய முடிவது அத்தையல் தெரிவதால்தான்.

ரசிகர் சிலர் இவ்விரண்டாம் வழியைத் தாமாகவே கண்டடைந்துள்ளனர். ட்ராய்கா நிறுவனம் உருவாக்கி 2004 நவம்பரில் வெளியான ‘வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ ஏராளமான வழுக்களோடு வந்தது. 2005 பிப்ரவரியில் நிறுவனமே மூடப்பட்டது. திருத்தும் பணியை ரசிகர்கள் ஏற்று, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தனர். அத்திருத்தம் இரண்டு நிலைகளில் வழங்கப்படுகிறது. அடிப்படை நிலை வழுக்களை மட்டும் களைகிறது. கூடுதல் நிலை, நிரலில் முடங்கிக் கிடந்த பகுதிகளை மீட்டும் சிலவற்றை மாற்றியும் தருகிறது. எது வழு, எது தெரிவு என்பதில் ரசிகரிடையே நிகழ்ந்த வாதமே இவ்விரு நிலைகளாக உருப்பெற்றுள்ளது. ஏடு பதிப்பிப்போர் மூலபாடத்தையும் தம் திருத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டும் நெறியோடு இது ஒப்பிடத்தக்கது.

அமைதி வழங்கும் உரிமையிலும் வேறுபாடு உண்டு. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. விளையாட்டில் நிரலை மாற்றும் ஆற்றல் நிறுவனத்திடம் உள்ளது; ஆயினும் மாற்றத்தை ஏற்பதும் மறுப்பதும் ஆடுவோரிடம் உள்ளன. கூத்தில் வாத்தியார், பிரசங்கியார், கோயிலார், பார்ப்போர் அனைவரும் இவ்வுரிமையில் பங்கு கொள்கின்றனர். கூவாகத்தில் அவ்வுரிமை தாலி கட்டிக்கொள்வோரிடமும் இருக்கிறது.

முடிவுரை

கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் ரசிகர்கள் பிறழ்ச்சியைக் கண்டதும் பிழை என ஒதுக்கிவிடுவதில்லை. காரணத்தைத் தேடுகின்றனர். காரணம் கிடைக்காதபோது வழு என்கின்றனர். கிடைத்தபோது அதற்கு அமைதி வழங்குகின்றனர். கதைப் பொருத்தம், பட்டறிவு, நகை, அளவுகோல் மாறாமை ஆகியன இக்கட்டுரையில் கண்ட காரணங்கள். நன்னூல் உவப்பையும் விரைவையும் பட்டியலிட்டதைப் போல இவற்றையும் விரிவாகத் தொகுக்க இயலும்.

அரவான் கதை இதே நெறியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துள்ளது. ஒரு தெரிவு முரணை ஈன்றது. முரண் வரத்தை வேண்டியது. வரம் ஒரு திருவிழாவைத் தாங்குகிறது. முரணைக் கண்டவர் எவரேனும் தொடக்கத்திலேயே அதனைப் பிழையென்று வெட்டியிருந்தால் கூவாகத்தின் கதை இன்றுள்ள வடிவில் இருந்திராது.

ஆகவே கூத்துப் பனுவல்களைத் தொகுப்போரும் டிஜிட்டல் விளையாட்டுகளை ஆராய்வோரும் திரிபை மட்டும் குறித்துச் செல்வது போதாது. அத்திரிபை ஏற்றவர்கள் கூறிய காரணத்தையும் உடன்பதிய வேண்டும். நிரல் திருத்தப்பட்டால் பழைய வழு மறையும். முதிய கூத்தர் மறைந்தால் ஒரு வரத்தின் விளக்கம் மறையும். எஞ்சுவது பிறழ்ச்சி மட்டும் எனில், அடுத்து வரும் ஆய்வாளர் அதனை வழு என்றே எழுதுவார்.